கதிரை காலியான பிறகு: 2022இல் வெள்ளவத்தை உயர்தர வகுப்பொன்றின் பதிவு

## பின்னணி

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நடந்த வகுப்பு இது. உயர்தரக் கலைப்பிரிவு, தமிழ்மொழி மூலம், அரசறிவியல். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள். பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த பிள்ளையொருத்தி கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். அரசறிவியல் படிப்பித்தவர் ஒரு ரீச்சர். அதே மாடியில் வேறு நாட்களில் வரலாறு படிப்பித்தவன் நான். கீழே சொல்லும் முடிவுகளை இருவரும் கலந்து பேசித்தான் எடுத்தோம். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

சாதாரண தர வரலாற்றில் பிரெஞ்சு, ரஷ்யப் புரட்சிகளைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். காரணங்கள் என்று ஒரு தலைப்பு, விளைவுகள் என்று இன்னொன்று, இரண்டின் கீழும் ஐந்தாறு வசனம். பரீட்சைக்கு அது போதும். 2022இல் போதாமல் போய்விட்டது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போய் இறங்கக்கூடிய காலிமுகத்திடலில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைப் பதவி விலகக் கோரிய போராட்டமாக, அந்தப் பாடம் நேரடியாக நடந்துகொண்டிருந்தது.

ஓர் ஆட்சி ஏன் விழுகிறது என்பது ஒரு கேள்வி. விழுந்த பிறகு யார் வருகிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதன் விடையிலிருந்து இரண்டாவதை ஊகிக்க முடியாது. கொழும்பில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய தயக்கத்தைப் பயம் என்று தள்ளிவிடாமல் பாடத்துக்குள் கொண்டுவந்ததால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

## மார்ச், ஏப்ரல்: வகுப்புக்குள் வந்தவை

மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மாலை வகுப்பு போன் வெளிச்சத்தில் நடந்தது. பிள்ளைகள் பிந்தி வந்தார்கள். கேட்டால் காஸ் லைன், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் லைன். பம்பலப்பிட்டியிலிருந்து வந்த பெடியன் ஒருவன் விடியப்புறம் சிலிண்டரைக் கொண்டுபோய் வரிசையில் வைப்பான். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சிலிண்டர்களோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து குறிப்பு வாசிப்பான். திறப்பு ஒரு கறுப்பு நூலில் கழுத்தில் தொங்கும். வகுப்பில் எழுதும்போதும் அதைக் கழற்றமாட்டான். பூட்டின் மற்ற இரண்டு திறப்புகளும் முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் இருந்தன. அவர்களுடைய போன் நம்பரைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தான். ஒருவர் சிங்களவர், மற்றவர் முஸ்லிம் ஐயா.

12.5 கிலோ சிலிண்டரின் விலை 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அரச கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் மார்ச் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாய், ஜூன் கடைசியில் 470. மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் தள்ளிப்போனது.

மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடியது. அடுத்த நாள் அவசரகாலச் சட்டம், பிறகு ஊரடங்கு. ஏப்ரல் 3 அமைச்சரவை பதவி விலகியது. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தன. ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

காரணங்களைப் பிள்ளைகளே அடுக்கிவிட்டார்கள். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது, கொரோனாவோடு உல்லாசப் பயணிகள் இல்லாமல் போனது, 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து விளைச்சல் விழுந்தது. 2019 கடைசியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கம் 2022 மார்ச் முடிவில் 2 பில்லியனுக்கும் கீழே போயிருந்தது. இந்தப் பகுதியில் நாங்கள் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை.

ரீச்சர் ஒன்றைத்தான் சேர்த்தார். பிரெஞ்சு அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி 1788இல் கடனுக்கே போனது. அந்த வருடம் அறுவடையும் பிழைத்தது. கஜானா வறண்டதால்தான் மன்னர் 1614க்குப் பிறகு கூட்டப்படாத மூன்று வகுப்பாரின் மன்றத்தை 1789 மே மாதம் கூட்ட வேண்டி வந்தது. அங்கே அவர் வரி கேட்டார், அவர்கள் அதிகாரம் கேட்டார்கள். வறுமை மட்டும் ஆட்சியைக் கவிழ்க்குமென்றால் உலகத்தில் எந்த ஆட்சியும் நிலைத்திருக்காது. வீட்டில் பாண் இல்லாத நேரமும், அரசிடம் காசில்லாத நேரமும், ஆளுபவர்களுக்குள் பிளவு வரும் நேரமும் ஒன்றாக வரவேண்டும். ஏப்ரலில் கொழும்பில் அந்த மூன்றும் ஒன்றாக இருந்தன.

பிள்ளைகள் கேட்டது வேறு. “நாங்களும் போகட்டுமா ரீச்சர்?”

## எடுத்த முடிவுகள்

வகுப்பாகப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். அரைவாசிப் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அவசரகாலச் சட்டத்தின் கீழ் யாரையாவது பிடித்தால் தமிழ்ப் பிள்ளைக்கு அது வேறு விதமாக முடியலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கிறது, அதன் கீழ் யார் யார் எத்தனை வருடம் உள்ளே இருந்தார்கள் என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். ஆனால் பெற்றோரோடு போகிறவர்களைத் தடுப்பதில்லை, போனவரையும் போகாதவரையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

இதைச் சொல்வதற்குப் பெற்றோரைக் கூப்பிட்டோம். நான் நினைத்ததைவிடக் கூடுதலாக வந்தார்கள். ஒரு பிள்ளையின் அம்மா, 1983இல் சின்னப் பிள்ளையாக இரத்மலானை விமான நிலைய அகதி முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர், எழும்பிக் கதைத்தார்:

“ரீச்சர், நியாயத்தைச் சொல்லிக் குடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா கூட்டம் எண்டா நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும் எண்டு ஆர் சொல்லுறது? எங்கட வீட்டுக்கு வந்தவங்களின்ர கையில வாக்காளர் லிஸ்ற் இருந்தது.”

“விளங்குது அக்கா. அதையும் பாடத்தில சேர்க்கிறன்” என்றார் ரீச்சர்.

அவர் அப்படியே செய்தார். அடுத்த வகுப்பில் சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஏறியது. கடைகளில் பிரிஸ்டல் போர்ட் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் பழைய கலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டினோம். நாலு நிரல்: ஏன் விழுந்தது? படை என்ன செய்தது? கதிரையில் யார் அமர்ந்தார்? பத்து வருடத்தில் என்ன ஆனது? கடைசி இரண்டு நிரல்களும் அந்த அம்மாவின் கேள்வியிலிருந்து வந்தவை.

ஆளுக்கொரு நாடு. ரஷ்யாவை ஹட்டன் பிள்ளை எடுத்தாள். 1917இல் பெத்ரோகிராட்டில் பாண் வரிசையில் நின்ற பெண்களும் ஆலைப் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள், சுட அனுப்பிய படை சில நாட்களில் அவர்கள் பக்கம் சாய்ந்தது என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரியாதது அடுத்த பகுதி. அந்த வருடக் கடைசியில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் கூடிய ஆசனம் வென்றது போல்ஷெவிக்குகள் இல்லை. 1918 ஜனவரியில் அந்தச் சபை ஒரு நாள் கூடியது, அதோடு கலைக்கப்பட்டது. “அப்ப வாக்கு எதுக்கு சேர்?” என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை அட்டவணையின் ஓரத்தில் எழுதி வைத்தோம்.

ஈரானைத் தெமட்டகொடைப் பிள்ளை எடுத்தாள். 1978 முழுவதும், கொல்லப்பட்டவர்களின் நாற்பதாம் நாள் நினைவுகளே அடுத்தடுத்த ஊர்வலங்களாயின. எண்ணெய்த் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது அரசின் மூச்சு நின்றது. 1979 ஜனவரி 16 ஷா நாட்டைவிட்டுப் போனார், பெப்ரவரி 11 இராணுவம் நடுநிலை என்று அறிவித்தது. மாணவர், இடதுசாரிகள், வணிகர், பெண்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். ஆனால் ஊருக்கு ஊர் ஆளும் இடமும் பணமும் வைத்திருந்தது பள்ளிவாசல் வலையமைப்பு ஒன்றுதான். ஷா போய் இரண்டு மாதம் ஆகுமுன், மார்ச் 8 அன்று, அதே தெஹ்ரான் பெண்கள் கட்டாய ஆடை விதிக்கு எதிராக மறுபடி தெருவுக்கு வரவேண்டியிருந்தது.

எகிப்தில் 18 நாளில் முபாரக் போனார். 2012இல் தேர்தலில் வென்றது, சதுக்கத்தை முதலில் நிரப்பிய இளைஞர்கள் இல்லை, பல பத்தாண்டுகளாகக் கிளைகளோடு இயங்கிய முஸ்லிம் சகோதரத்துவம். 2013 ஜூலை 3 அவர்களையும் இராணுவம் அகற்றியது. பிரான்சும் பிலிப்பைன்ஸும் மற்றவர்களுக்கு.

ஒரு பெடியனின் அப்பப்பா இந்த அட்டவணையைப் பற்றிக் கேள்விப்பட்டு, “இலங்கையை விட்டிட்டீங்களோ?” என்று கேட்டு அனுப்பினார். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் அப்படித்தான் சுவருக்கு வந்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதால் நாடு ஸ்தம்பித்தது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க விலகினார். கதிரையில் அமர்ந்தவர் அதே கட்சியின் சேர் ஜோன் கொத்தலாவல.

அப்பப்பா அதோடு நிற்கவில்லை. 1956 ஜூன் 5 அன்று, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தபோது கும்பல் அடித்து விரட்டியதை, வாலிபனாக அந்தப் பக்கம் போனவர் என்ற முறையில் பேரனிடம் சொன்னார். அன்றைய பாராளுமன்றக் கட்டடம்தான் இன்றைய ஜனாதிபதி செயலகம். 2022இல் பிள்ளைகள் கூடாரம் போட்டிருந்தது அதே கட்டடத்தின் முன்னால். பேரன் இதை வகுப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தோம். ஜனாதிபதி போனால் கதிரையில் யார் அமர்வார் என்று ஆளுக்கொரு துண்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டச் சொன்னோம்.

## மே 9

அன்று பின்னேரம் வகுப்பு இருந்தது. பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் கூட்டம் முடித்து வந்த ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் முதலில் அங்கே வாசலில் இருந்த கூடாரங்களையும், பிறகு காலிமுகத்திடலில் இருந்தவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். ஊரடங்கு வந்தது. வழியில் இருந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி, ஒவ்வொருவரும் வீடு சேர்ந்ததைப் போனில் உறுதிப்படுத்தினோம். மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகினார். இரவு அரசியல்வாதிகளின் வீடுகள் நாடு முழுவதும் எரிந்தன. நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எரியும் வீட்டின் வீடியோவைப் போட்டு, கைதட்டும் படங்களையும் சேர்த்திருந்தான். உடனே அழிக்கச் சொல்லலாமா என்று ரீச்சர் யோசித்தார். அழித்தால் அந்தப் பேச்சு வகுப்புக்கு வெளியே போய்விடும் என்பதால் விட்டார். முகாமில் இருந்த அந்த அம்மாவின் மகளே குழுவில் பதில் எழுதினாள்: வீடியோவைப் பார்த்து அம்மா லைற்றை நூத்துவிட்டு ஜன்னலடியில் இருக்கிறா, ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் போனாலும் எழும்பிப் பார்க்கிறா என்று. அவன் தானாகவே வீடியோவை எடுத்தான்.

அடுத்த நாட்களில் ஊரடங்கு என்பதால் குரல் செய்தியில்தான் பாடம். 1789 கோடையில் பிரெஞ்சுக் கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்ததையும், அந்த நெருக்குதலில் ஓகஸ்ட் 4 இரவு மன்றம் நிலவுடைமைச் சலுகைகளை ஒழித்ததையும் ரீச்சர் விளக்கினார். தீ சில நேரம் சட்டத்தை மாற்றியிருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அதே தீ யாருடைய கூரைக்கும் போகும் என்பதையும் சொன்னார். பிள்ளைகள் இரண்டையும் எழுதினார்கள்.

பிலிப்பைன்ஸ் எடுத்தவன் அந்தக் கிழமை ஒரு செய்தியோடு வந்தான். 1986 பெப்ரவரியில் மக்கள் எழுச்சியால் ஹவாய்க்கு ஓடிய மார்கோஸின் மகன், அதே 2022 மே 9 அன்று நடந்த தேர்தலில் ஜனாதிபதியாக வென்றிருந்தார். “பத்து வருசம் காணாது ரீச்சர், நாலாவது நிரலை நீட்டுங்கோ” என்றான். நீட்டினோம்.

## மே 18

காலிமுகத்திடலில் முதன்முறையாக முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, 2009இல் அங்கே சிக்கியிருந்த சனம் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சி பகிரப்பட்டது. எங்கள் பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு போனார்கள். ஏப்ரலில் வேண்டாமென்ற ஒரு குடும்பமும் அதில் இருந்தது. சிங்களப் பெண் ஒருவர் கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, ஏன் இதில் உப்பும் இல்லை என்று கேட்டதாகவும், தன் அப்பா தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தியதாகவும் ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்.

அதே வகுப்பில் கிளிநொச்சியில் பெரியம்மா இருக்கும் பிள்ளை வேறு மாதிரி எழுதினாள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல் வீதியோரம் தொடர் போராட்டத்தில் இருக்கிறார்கள். அவளுடைய பெரியம்மாவும் அதில் ஒருவர். ஐந்து வருடத்தில் தங்களிடம் வராத கெமராக்கள் ஐந்து கிழமையில் காலிமுகத்திடலுக்கு வந்ததை அவர் போனில் சொன்னாராம், கோபமாக இல்லை, கணக்குச் சொல்வது போல. 2019இல் 69 இலட்சம் வாக்கோடு வந்த கோட்டாபயவை வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் ஆதரிக்கவில்லை என்பதும் அந்தக் கணக்கில் ஒன்று. எரிபொருள் தீர்ந்தபோது எழுந்த நாடு, பிள்ளைகள் தொலைந்தபோது எழவில்லை. இந்த இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்தோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் உண்மை.

## ஜூன், ஜூலை

ஜூன் 27 முதல் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானது. வகுப்பு போனுக்குள் போனது. இந்த இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குக் காசுப் பிரச்சினை. மற்றவரின் அப்பா, “அரசியல் கதைக்கிற வகுப்பு வேண்டாம்” என்றார். பாடமே அரசறிவியல்தான் என்று அவருக்குச் சொல்லிப் பார்த்தோம், மனம் மாறவில்லை.

ஜூலை 9 சனிக்கிழமை. வகுப்பிலிருந்து மூன்று பேர் போனார்கள். ஒருத்தி அண்ணாவோடும் மாமாவோடும் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் நடந்தே போனாள். கண்ணீர்ப்புகை பட்டு இரண்டு நாள் கண் வீங்கியிருந்தது. படை பற்றிய நிரலில் அவள் எழுதியது: “சுட்ட சத்தம் கேட்டது. காயப்பட்டவர்களைக் கண்டேன். பிறகு வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். விலகினவர்களில் ஒருவர் என் வயதுதான் இருப்பார், ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.” ஜனாதிபதி மாளிகை, செயலகம், அலரி மாளிகை மூன்றும் சனத்தின் கையில் இருந்தன. பிரதமராகியிருந்த ரணில் விக்கிரமசிங்கவின் தனிப்பட்ட வீடு அன்றிரவு எரிந்தது.

அட்டவணையில் இருந்த எல்லா நாட்டுக்கும் பொதுவாக வந்த ஒரு நிரல் படை பற்றியதுதான். பெத்ரோகிராட், மணிலா, தெஹ்ரான், கெய்ரோ, கொழும்பு, எங்கேயும் கூட்டத்தின் அளவு மட்டும் முடிவைத் தரவில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒரு கட்டத்தில் தொடர்ந்து சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

ஜூலை 13 கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் போனார். சிங்கப்பூரிலிருந்து வந்த விலகல் கடிதத்தை 15ஆம் திகதி சபாநாயகர் ஏற்றார். ஜூலை 20 பாராளுமன்றம் வாக்களித்தது: ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. ஜூலை 22 விடியுமுன் படை செயலகத்தின் முன்னால் இருந்த கூடாரங்களை அகற்றியது.

## உறைகளைத் திறந்தபோது

ஏப்ரலில் எழுதிய துண்டுகளை அந்தக் கிழமை வாசித்தோம். கூடுதலானவை எதிர்க்கட்சித் தலைவர் என்றன. சிலது அநுர. இரண்டு மூன்றில் “மக்கள்” என்று மட்டும் இருந்தது. ரணில் என்று ஒருவரும் எழுதவில்லை. 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம்.

ஹட்டன் பிள்ளையின் துண்டில் பெயரே இல்லை. “பாராளுமன்றத்தில் யாருக்கு எண்ணிக்கை சேருமோ அவர். யாப்பு 40ஆம் உறுப்புரை” என்று எழுதியிருந்தாள். 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது டி.பி. விஜேதுங்க வந்த வழி அது. தெருவில் என்ன நடந்தாலும் வாக்களிக்கப்போவது, 2020இல் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன பெரும்பான்மையோடு வென்ற அதே பாராளுமன்றம்தான் என்பதை அவள் மட்டும் எண்ணிப் பார்த்திருந்தாள். ரஷ்யாவின் அரசியல் நிர்ணய சபையைப் படித்ததால்தான் இங்கே சபை யாருடையது என்று பார்க்கத் தோன்றியதாம்.

பல பிள்ளைகள் மனம் உடைந்தார்கள். ஜூலை 9 போய்வந்தவள் அந்தக் கிழமை வகுப்பில் வாயே திறக்கவில்லை. ரீச்சர் அவளைத் தனியாக இருத்தி, நீ கண்டது நடந்தது, அதை யாரும் நடக்கவில்லை ஆக்க முடியாது என்றார். பதவியிலிருந்த ஜனாதிபதி ஒருவர் தெருவின் அழுத்தத்தால் விலகியது இந்த நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. அதே நேரம் யாப்பு, படை, பாராளுமன்றம் மூன்றும் இருந்தபடியே இருந்தன. ஆட்சியாளர் விழுந்தார், ஆட்சி முறை விழவில்லை. இரண்டையும் அட்டவணையில் தனித்தனியாக எழுதினோம்.

## 2023, 2024

கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது, உணவுக்கு அதைவிடக் கூட. அந்த வருடம் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள், சங்கிலித் திறப்புப் பெடியனின் அண்ணனும் ஒருவர். தள்ளிப்போன உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. மார்ச் 9 நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நடத்தப்படவில்லை. மார்ச் 20 சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்தை ஏற்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் பொருளாதார நெருக்கடியில் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

2024 செப்டெம்பர் 21 பிள்ளைகள் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஜூலை 2022இல் 3 வாக்குப் பெற்ற அநுர ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 3 ஆசனத்திலிருந்து 159க்கு வந்தது, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்றையும் வென்றது. காலிமுகத்திடலை எந்தக் கட்சியும் தனியாக நடத்தவில்லை. ஆனால் அதன் பிறகு ஊருக்கு ஊர் கூட்டம் வைத்து, கிளை கட்டி, இரண்டு வருடம் வேலை செய்ய ஆளிருந்தது அவர்களிடம்தான். தெஹ்ரானிலும் கெய்ரோவிலும் பார்த்த அதே வழி, இங்கே வாக்குப் பெட்டியால் வந்தது. 1971இலும் 1987 முதல் 1989 வரையும் ஆயுதத்தோடு வந்து தோற்ற கட்சியான ஜே.வி.பி. அதன் மையத்தில் இருப்பது இதை இன்னும் கவனிக்க வைக்கிறது.

பழைய பிள்ளைகள் சிலரை அதன் பிறகு கூப்பிட்டுப் பேசினோம். முகாமில் இருந்த அம்மாவும் மகளோடு வந்தார். மகள் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்திருந்தாள், அம்மா அளிக்கவில்லை. “அவங்கள் வந்தது நல்லது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுக்கட்டும், அடுத்த முறை பாப்பம்” என்றார். நாலாவது நிரலின் கீழ் அதை அவருடைய சொல்லிலேயே எழுதினோம்.

## இனி மாற்றுவது

அதே பாடத்தை இப்போது புதிய பிள்ளைகளோடு நடத்துகிறோம். பங்களாதேஷும் நேபாளமும் அட்டவணைக்கு வந்துவிட்டன. 2024 ஓகஸ்ட் 5 ஹசீனா இந்தியாவுக்குப் போன பின் முகம்மது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. 2025 செப்டெம்பரில் காத்மண்டுவில் பிரதமர் ஒலி விலகியதும் முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி வந்தார். இரண்டு இடத்திலும் பாராளுமன்றம் கலைந்தது, வெளியாள் ஒருவர் அமர்ந்தார். கொழும்பில் சபை கலையவில்லை, சபைக்குள் இருந்தவரே அமர்ந்தார். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் இப்போது முதல் வகுப்பிலேயே பிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அட்டவணையை மூன்றாவது நிரலிலிருந்து தொடங்குகிறோம். காரணத்தை எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்தே கொண்டுவரும்.

1953ஐயும் 1956ஐயும் பிரான்சுக்கு முன்னால் வைக்கிறோம். பெற்றோர் கூட்டம், தெருவில் ஏதும் நடந்தாலும் நடக்காவிட்டாலும், வருடத் தொடக்கத்திலேயே நடக்கிறது. அதில் பேசியவர்களின் அனுபவத்தை, அவர்கள் விரும்பினால், வகுப்பில் வந்து சொல்லக் கேட்கிறோம்.

அந்த இரண்டு பிள்ளைகள் நின்றதைப் போல இனி நடக்காதபடி கட்டண விஷயத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அரசியல் வேண்டாம் என்று மறித்த அப்பாவைப் போன்றவர்களுக்கு என்ன செய்வது என்பதில் எனக்கும் ரீச்சருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வீட்டுக்குப் போய்க் கதைக்க வேண்டும் என்கிறார் அவர். அவர்களுடைய காரணத்தை மதித்து, பிள்ளைக்குக் குறிப்பை மட்டுமாவது தொடர்ந்து அனுப்பலாம் என்பது என் நிலை.

சிங்கள மொழிமூல வகுப்பொன்றோடு சேர்ந்து இந்த அட்டவணையை ஒரே சுவரில் நிரப்பும் முயற்சி அடுத்த தவணையில் தொடங்குகிறது. நுகேகொடையில் அதே பாடம் படிப்பிக்கும் ஒருவர் சம்மதித்திருக்கிறார். 1971ஐயும் 1989ஐயும் அவருடைய பிள்ளைகளின் வீடுகளிலிருந்து கேட்டு எழுதுவார்கள். 1983ஐயும் 2009ஐயும் எங்கள் பக்கத்திலிருந்து கொண்டுபோகிறோம்.